சிங்கப்பூர்ப் பெரிய தபாலாபீசும் எங்கள் வீட்டுப் பெட்டகசாலையும்

"அங்க பெரிய போஸ்ட் ஆபீசையே ஓட்டலாக்கிட்டான் அண்ணே, நல்லாத்தானே நிக்குது? நாம ஒரு வீட்டைக் கொடுத்தா என்ன கெட்டுப்போச்சு?"

பங்காளிக் கூட்டத்தில் தம்பி கேட்டது இது. தம்பி என்றால் சித்தப்பா மகன், சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு வங்கியில் வேலை. செட்டிநாட்டில் எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) கட்டிய வீட்டை ஓட்டல் நடத்துகிற ஒருவர் நீண்ட குத்தகைக்குக் கேட்டிருந்தார். அதைப் பேசத்தான் கூடியிருந்தோம். பங்காளிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் கூரை ஒழுகுவதைச் சொல்வார், ஒருவர் சாமி வீட்டைப் பற்றிக் கேட்பார், ஒருவர் தொலைபேசியில் அமெரிக்காவிலிருந்து இருமிக்கொண்டிருப்பார். தம்பியின் கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வியில் தப்பே இல்லை. வீட்டைக் கொடுக்கக் கூடாது என்பவனும் நான் இல்லை. ஆனாலும் அந்த உதாரணம் எனக்குள் முள் மாதிரி தங்கிவிட்டது. அவன் சொன்ன அந்தக் கட்டடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, அது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதே உதாரணத்தை வேறு மாதிரி சொல்லியிருப்பான் என்று தோன்றியது.

ஃபுல்லர்டன் பில்டிங் என்று பெயர். சிங்கப்பூர் ஆறு கடலைத் தொடும் வாயிலில், ஒரு காலத்தில் கோட்டை இருந்த இடத்தில், 1928ல் திறந்தார்கள். நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின்) முதல் ஆளுநராக இருந்த ராபர்ட் ஃபுல்லர்டனின் பெயரை வைத்தார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஏறும் டோரிக் தூண்கள், சாம்பல் நிறம், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கனமாக உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். உள்ளே ஒரே அலுவலகம் இல்லை. வியாபாரிகளின் எக்ஸ்சேஞ்ச், வெள்ளைக்காரத் துரைமாரின் சிங்கப்பூர் கிளப், கப்பல்களைக் கவனிக்கும் கடல்துறை அலுவலகம், ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குப் பார்ப்பவர்கள், இவர்கள் எல்லாருக்கும் கீழே தரைத்தளத்தில் பெரிய தபாலாபீஸ். அந்தத் தபாலாபீசின் கவுண்டர் மட்டும் கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளம் என்று சொல்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கட்டடத்தின் அடியிலிருந்து சாலைக்குக் கீழாகப் படகுத்துறை வரைக்கும் ஒரு சுரங்கப்பாதை வெட்டியிருந்தார்கள். தபால் மூட்டைகள் வெயிலும் மழையும் படாமல், வண்டி மாடு எதுவும் குறுக்கே வராமல், நேராகக் கப்பலுக்குப் போகிற படகில் இறங்கின. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் வந்த தபால் அந்த வழியாகத்தான் கடலைப் பார்த்தது.

எங்கள் ஐயா எழுதிய கடிதங்களும் அதில் உண்டு. ஐயா முதலாளி இல்லை. சிங்கப்பூரில் வட்டித்தொழில் செய்த வேறொரு விலாசத்தில், அதாவது வேறொருவர் நிறுவனத்தில், எடுபிடிப் பெட்டியடிப் பையனாகப் போய், உதவிக்கான அடுத்தாளாகி, பிறகு பொறுப்பான மேலாளாக இருந்தவர். மூன்று வருடம் அங்கே, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊரில் கொஞ்ச காலம், திரும்ப ஒரு பயணம். இந்த வீட்டின் முகப்பும் வளவும் அப்படிச் சேர்ந்த சம்பளத்திலும் பங்கிலும் கட்டியவைதான். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல் என்று எல்லாரும் எடுத்துச் சொல்கிற சாமான்களைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது.

கிட்டங்கிக்கும் தபாலாபீசுக்கும் நடுவே

ஐயா இருந்தது மார்க்கெட் ஸ்ட்ரீட்டில். நம் ஆட்கள் செட்டித் தெரு என்றே சொல்வார்கள். அங்கிருந்து ஃபுல்லர்டனுக்கு நடந்தால் பத்து நிமிடம் ஆகாது. கிட்டங்கி என்பது நீளமாக உள்ளே போகிற ஒரு கட்டடம். கீழே இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டிகள், ஒரு பெட்டிக்கு ஒரு விலாசம், பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்த ஓர் ஆள். அந்தப் பெட்டிதான் அவருக்கு மேசை, கல்லா, அலுவலகம் எல்லாம். கடன் கேட்டு வருபவர் சீனக் கடைக்காரராக இருக்கலாம், ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பவராக இருக்கலாம், மாதச் சம்பளம் பத்தாத குமாஸ்தாவாகவும் இருக்கலாம், எல்லாருக்கும் அதே தரைதான். சாப்பாடு பொதுவான சமையலில், படுக்கை மாடியில். குடும்பத்தைக் கூட்டிப் போகிற வழக்கம் அன்று இல்லை. அதனால் வீட்டுக்காரியிடம் பேசுவதற்கும், பிள்ளை பிறந்ததைத் தெரிந்துகொள்வதற்கும், தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று அப்பச்சியிடம் (அப்பாவிடம்) கேட்பதற்கும் கடிதம் ஒன்றே வழி. சரக்குக்கும் பணத்துக்கும் நம் ஆட்கள் தங்களுக்குள் உண்டியல் (பணம் மாற்றும் சீட்டு), தவணை, நடப்பு வட்டி என்று தனி ஏற்பாடே வைத்திருந்தார்கள். ஆனால் தபாலுக்கு மட்டும் சர்க்காரைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இந்தக் கூட்டத்துக்கு முன்பு ஒருமுறை சிங்கப்பூருக்குப் போயிருந்தபோது தம்பிதான் அந்த ஓட்டலில் காப்பி வாங்கிக் கொடுத்தான். மிக நன்றாக வைத்திருக்கிறார்கள், இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1996ல் தபாலாபீஸ் வெளியேறியது, அடுத்த வருடம் ஹாங்காங் நிறுவனம் ஒன்று வாங்கியது, 2001 புத்தாண்டு அன்று 400 அறைகளோடு ஓட்டலாகத் திறந்தது, 2015ல் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தார்கள். தூண்களில் ஒரு கீறல் இல்லை. உள்ளே பழைய படங்களும் தபால்தலைகளும் தபால்பெட்டியும் வைத்து ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. மது அருந்தும் இடத்துக்குக்கூடத் தபாலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து தண்ணீரைப் பார்த்தால் அது கடலே இல்லை. 1970களிலிருந்து கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கி, 2008ல் கதவணை கட்டி, முன்னால் இருந்த விரிகுடாவை நல்ல தண்ணீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். தபால் மூட்டை இறங்கிய உப்புத்தண்ணீர் இப்போது குழாயில் வருகிற குடிதண்ணீர்.

காப்பி குடித்துவிட்டு நான் கிட்டங்கியைப் பார்க்கவேண்டும் என்றேன். தம்பி சிரித்தபடி, "எங்கண்ணே இருக்கு? தினம் அந்தத் தெருவிலதான் சாப்பிடப் போறேன், ஒண்ணும் கிடையாது" என்றான். போய்ப் பார்த்தோம். ஒன்றும் கிடையாதுதான். 1970களின் கடைசியில் நகரச் சீரமைப்பு என்று அந்தத் தெருவின் கிட்டங்கிகளை எடுத்துவிட்டார்கள். 1984ல் அதே தெருவில் பல மாடிகளோடு கார் நிறுத்தும் கட்டடமும் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. 2017ல் அதையும் மூடி இடித்தார்கள். இப்போது 88ஆம் எண்ணில் நிற்பது 280 மீட்டர் உயரம், 51 மாடிக் கோபுரம், நடுவில் சில மாடிகளில் மரம் செடியெல்லாம் வளர்த்திருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு வந்தால் போட் கீயில் பழைய கடைவீடுகள் வரிசையாக, வண்ணம் பூசி, அப்படியே நிற்கின்றன. 1977ல் தொடங்கிப் பத்து வருடம் ஆற்றைச் சுத்தப்படுத்தினார்கள், 1983ல் சரக்குத் தோணிகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள், 1989ல் அந்தக் கடைவீடுகளைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். இன்று அத்தனையும் உணவகம். கிட்டங்கியும் கடைவீட்டின் வகைதான். இன்னும் ஒரு பத்து வருடம் தாக்குப்பிடித்திருந்தால் அதுவும் நின்றிருக்குமோ என்னவோ. ஆனால் நின்றிருந்தாலும் உள்ளே என்ன இருந்திருக்கும் என்று யோசித்தேன். வரிசையாகப் பெட்டிகள் இருந்த இடத்தில் வரிசையாக மேசைகள் போட்டு நண்டு பரிமாறிக்கொண்டிருப்பார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. அந்த வேலை முடிந்துபோயிற்று, சுவர் மட்டும் எதற்காக வேலை முடிந்த துக்கத்தைக் கொண்டாட வேண்டும்? இருந்தாலும் மனது சமாதானம் ஆகவில்லை. ஃபுல்லர்டனில் ஆளுநர்களின் கதை இருக்கிறது, போரின் கதை இருக்கிறது, தபால்தலைகூட இருக்கிறது. கவுண்டரின் இந்தப் பக்கம் நின்று கடிதத்தை நீட்டியவர்கள் யார், அதில் என்ன எழுதினார்கள் என்பது அங்கே இல்லை. இருக்கவும் முடியாது. அது போய்ச் சேர்ந்த ஊர்களில்தான் இருக்கும்.

கம்பியில் கோத்த காகிதம்

பங்காளிக் கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு, குத்தகைக்காரர் அளந்து பார்க்க வசதியாக இரண்டாங்கட்டுப் பெட்டகசாலையை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளை அண்டாவும் ஜாடியும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, மர அலமாரிக்குப் பின்னால் தொங்கிய கடிதக் கம்பிகளை இறக்கினேன். பழைய வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் நடுவில் குத்தி ஒரு கம்பியில் கோத்துவிடுவார்கள், கம்பியின் அடியில் ஒரு மரவில்லை இருக்கும், மேலே கொக்கி. கீழே இருப்பது பழசு, மேலே வருவது புதுசு. கோப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டுக் கம்பிகள் துருப்பிடித்து, ஒவ்வொரு தாளின் ஓட்டையைச் சுற்றியும் காப்பிக்கறை மாதிரி ஒரு வட்டம். கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது, எழுத்தைத் தொடவில்லை.

ஐயாவின் கை எழுத்து சின்னது, சாய்வில்லாமல் நிற்கும். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், பிறகு வருடம் மாதம் தேதி எல்லாம் தமிழில், தேதியும் தொகையும் தமிழ் எண்ணில். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்று அந்தக் குறிகளையே போடுவார். வருடத்தின் பெயரை வைத்துத்தான் காலம் கண்டுபிடிக்க வேண்டும். அதை எனக்கு என் அப்பச்சி சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஒரு கம்பியில் மேலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தேன். பார்த்திப வருடம், ஐப்பசி. அதாவது 1945ன் கடைசி. அதற்கு அடியில் இருந்த தாளை எடுத்தேன். விஷு வருடம், கார்த்திகை. 1941. நடுவில் எதுவும் இல்லை. ஏதாவது கழன்று விழுந்திருக்குமோ என்று அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், மற்றக் கம்பிகளையும் பார்த்தேன். விழவில்லை. இரண்டு தாளும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் இருந்தன, ஒரே ஓட்டை, ஒரே துரு வட்டம். சித்திரபானு, சுபானு, தாரண என்று மூன்று முழு வருடமும் முன்னும் பின்னும் சில மாதங்களும் அந்த இரண்டு தாளுக்கு நடுவில் காகிதத்தின் கனம்கூட இல்லாமல் கிடந்தன.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ல் விழுந்தது என்று எல்லாருக்கும் தெரியும், நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அப்பத்தா அந்தக் காலத்தில் எப்படி இருந்தார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கையில் இரண்டு பிள்ளைகள், மாமியார் வீட்டில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பக் கணக்காக, தனிச் சமையல். தபால்காரர் ஒவ்வொரு நாளும் தெருவில் வந்திருப்பார். எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மலாயாக் கடிதம் வரவில்லை என்பதால் ஊரே ஒன்றாகக் காத்திருந்திருக்கும், அது ஓர் ஆறுதலாக இருந்திருக்குமோ, இன்னும் பயமாக இருந்திருக்குமோ. பிள்ளையார் நோன்பில் விளக்குத்திரி இழை எடுக்கிறபோது ஐயா பேருக்கும் சேர்த்து எடுத்தாரா? கேட்டிருக்கலாம், நான் அவர் மடியில் வளர்ந்தவன். இப்போது கேட்க ஆள் இல்லை.

அந்தக் கார்த்திகைக் கடிதத்தின் உறை தனியாகக் கிடைத்தது. ஓரத்தில் வெட்டித் திறந்து, திரும்ப ஒரு காகிதப் பட்டையால் ஒட்டியிருக்கிறது. பட்டையில் தணிக்கை அதிகாரி பார்த்த அச்சு. போர்க்காலம் என்பதால் வெளியே போகிற தபாலைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். ஐயா அதில் எழுதியிருப்பது எல்லாம் வீட்டுச் சங்கதி: கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்லியிருந்தாரே ஆயிற்றா, வைரவன்பட்டிக் கோயிலுக்கு மகமைப் பணம் கட்டியாயிற்றா, தன் அப்பச்சிக்கு இருமல் நின்றதா. அந்த ஊரில் டிசம்பர் 8 விடியற்காலை முதல் குண்டு விழப்போகிறது, அதற்கு முன் ஒரு வாரத்துக்குள் எழுதிய கடிதம் என்று தேதியை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. அவர் அதைக் கவுண்டரில் கொடுத்திருப்பார், அது சுரங்கப்பாதையில் போயிருக்கும். சில வாரங்களில் அதே கட்டடம் ஆஸ்பத்திரி ஆயிற்று. ஆளுநர் ஷெண்டன் தாமஸ் கடைசி நாட்களில் குடியிருப்பை விட்டு அங்கே மாடியில் இருந்த கிளப்பில் வந்து தங்கினார், சரணடைவதைப் பற்றி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் அங்கே வந்துதான் அவரிடம் பேசினார். அதன்பிறகு ஜப்பானிய ராணுவ நிர்வாகம் அங்கேயே உட்கார்ந்தது. எங்கள் கம்பியில் இருக்கிற அந்தக் காலியிடம் கடலுக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பது அந்தச் சுவர்களுக்குத் தெரியும். ஓட்டலின் காட்சிக்கூடத்தில் பார்த்தபோது அது எனக்கு ஒரு தகவலாக இருந்தது, அவ்வளவுதான். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தபோது அது எங்கள் வீட்டு விஷயமாகிவிட்டது.

பார்த்திப வருடத்துக் கடிதம் பாதிக்குமேல் கணக்கு. தான் உயிரோடு இருப்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, போருக்கு முன் கொடுத்த கடன்களை ஜப்பான் நோட்டில் திருப்பிக் கட்டிவிட்டுப் போனவர்களின் பட்டியலுக்கு வந்துவிடுகிறார். வாழைமரம் அச்சடித்த அந்த நோட்டு ஜப்பான் தோற்றதும் வெறும் காகிதம். வாங்க மாட்டேன் என்று சொல்லவும் அன்று வழியில்லை. இப்படிக் கட்டிய கடனை எப்படி மதிப்பது என்று 1948ல் சட்டமே போட வேண்டி வந்தது. ஐயாவின் பட்டியலில் ஒவ்வொரு பேருக்கு எதிரிலும் தொகை, அதற்கு எதிரில் நோட்டு வாங்கிய மாதம். முதலாளிக்குத் தனியாக எழுதியிருப்பார், இருந்தும் வீட்டுக்கும் எழுதியிருக்கிறார், அப்பத்தாவுக்குக் கணக்குத் தெரியும் என்பதால். எங்கள் ஆச்சிமார்களின் கணக்குச் சாமர்த்தியம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு தாளைப் பார்த்தால் போதும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில்

அன்று இரவே தம்பிக்கு அந்த இரண்டு தாளையும் படம் எடுத்து அனுப்பினேன். அவன் கூப்பிட்டான். ரொம்ப நேரம் பேசினோம். அவன் உதாரணம் சரியான உதாரணம் என்றுதான் சொன்னேன். அதை முழுசாக எடுத்துக்கொள் என்றேன். அவர்கள் தபாலாபீசை ஓட்டலாக்கியது தபால் வேலை வேறு இடத்துக்குப் போன பிறகு. கட்டடத்துக்கு ஒரே உரிமையாளர், ஒரு தேசம், பிறகு ஒரு நிறுவனம். அதற்கும் முன்பே, 1979லேயே, வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய ஓர் அமைப்பைத் தொடங்கி, கிட்டங்கியில் இருந்த நம் ஆட்களிடம்கூடப் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். கிட்டங்கியை இடித்த ஊர்தான் அது, ஆனால் கிட்டங்கிக்காரர்களின் குரலை ஒலிநாடாவில் எடுத்துவைத்தது. இங்கே நாம் எந்த ஒழுங்கில் செய்கிறோம்? தூணைக் கன அடிக் கணக்கில் விலை பேசத் தெரியும், நிலைக்கதவுக்கு என்ன விலை போகும் என்று தெரியும், காகிதத்தை மட்டும் எடைக்குப் போடுகிறோம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நானே பார்த்திருக்கிறேன், தபால்தலை சேர்ப்பவர்களுக்காக உறையின் மூலையை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். பேரேட்டின் தோல் அட்டைக்கு விலை உண்டு. உள்ளே இருக்கிற ஐந்தொகைக் கணக்குக்கு (வரவு செலவு இருப்புக் கணக்குக்கு) விலை இல்லை.

கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் கொத்தமங்கலத்திலும் வீடுகள் ஓட்டலானதில் எனக்கு வருத்தம் கிடையாது, திறந்து சொல்கிறேன். அந்த வீடுகளில் விளக்கு எரிகிறது, ஓடு மாற்றியிருக்கிறார்கள், ஊர்ப் பெண்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் தெருவிலேயே பங்காளிகள் ஒத்துப்போகாமல் பூட்டி வைத்த வீடு ஒன்று மழைக்கு இரண்டாங்கட்டோடு உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்தபிறகு குத்தகை வேண்டாம் என்று எவனும் சொல்ல மாட்டான். 2014ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து வருகிறவர்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. அவர்களுக்கு முட்டை வெள்ளைக் கருச் சுவரையும் பெரிய சாப்பாட்டையும் காட்டுகிறோம். இந்தப் பணம் எங்கே, என்ன வேலையில், யார் எத்தனை வருடம் குடும்பத்தை விட்டுத் தரையில் உட்கார்ந்து சேர்த்தது என்று காட்டுவதற்கு நம்மிடம் கட்டடம் இல்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இல்லை, நம் ஆட்கள் தொழில் செய்த ரங்கூன் முகல் தெருவில் ஆள் இல்லை. அந்த வேலையின் மிச்சம் கம்பியில் கோத்த இந்தத் தாள்களில்தான் இருக்கிறது. வீட்டைக் கொடுக்கிறபோது இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் மிஞ்சுவது ஒரு பெரிய வீடு மட்டும்தான்.

இது புதுசாக நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் பத்திரிகையும் துண்டு நோட்டீசும் சேர்த்து வைத்தார். அவர் 1992ல் காலமானபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல், 1994ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் ஆக்கியது. இன்று தமிழ் அச்சு வரலாறு பற்றி எழுதுகிற யாரும் அங்கே போகாமல் எழுத முடியாது. அதுவும் செட்டிநாட்டு வீடு ஒன்றில் இருந்த காகிதம்தான். ஒரு மனிதர் எடைக்குப் போட மறுத்த காகிதம்.

அடுத்த கூட்டத்தில் தம்பியே பேசினான். குத்தகைப் பத்திரத்தில் பெட்டகசாலையின் இரண்டு அறைகளைச் சேர்க்காமல் நம் பொறுப்பில் வைத்துக்கொள்வது, வீட்டில் எந்த மூலையில் எழுத்து உள்ள காகிதம் கிடைத்தாலும் அதை எடுக்கவோ விற்கவோ குத்தகைக்காரருக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி சேர்ப்பது, முகப்பில் ஐயாவின் கைப்பெட்டியையும் ஒரு பேரேட்டையும் கண்ணாடிக்குள் வைத்து அது என்ன வேலை என்று எழுதி வைப்பது. மூன்றாவதற்கு ஓட்டல்காரரே சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். சாமி வீட்டுச் சண்டை இன்னும் முடியவில்லை, அது முடிகிற சண்டையும் இல்லை.

இப்போது அண்ணன் மகள் விடுமுறைக்கு வருகிறபோதெல்லாம் ஒவ்வொரு தாளாகப் படம் எடுக்கிறாள். கம்பியிலிருந்து கழற்றும்போது வரிசை கலையாமல் பென்சிலால் பின்பக்கம் எண் போட வேண்டும், உறையைக் கடிதத்திலிருந்து பிரிக்கக் கூடாது, ஒட்டுப்பட்டை போட்டு ஒட்டவே கூடாது. செய்யப்போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தமிழ் எண்களையும் கணக்குச் சுருக்கெழுத்தையும் தடங்கலில்லாமல் படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தேவகோட்டையில் வயதான கணக்கப்பிள்ளை ஒருவர் எங்களுக்காக உட்கார்ந்து படித்துச் சொல்கிறார், பற்றையும் வரவையும் குறியைப் பார்த்ததும் பிரித்துவிடுகிறார். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 1942க்கும் 1945க்கும் நடுவில் மலாயாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஏதாவது ஒரு வழியில், யார் கையிலாவது கொடுத்தனுப்பியாவது, ஒரே ஒரு துண்டுக் காகிதம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். படம் போதும், காகிதம் உங்களிடமே இருக்கட்டும்.